அம்மா ஏன் கூட வரக் கேட்டா?

கேள்வி: ஆரையம்பதியில் எங்கள் புது வீடு முடியும் கட்டத்தில் இருக்கிறது. மார்கழி கழிந்து தையில் குடிபுக நாள் பார்த்திருக்கிறோம். அதுவரை மகிழடித்தீவில் அம்மாவின் வளவில்தான் இருப்பு. அந்த வளவை விற்ற காசில்தான் புது வீட்டுக்குக் கூரை போட்டோம். சாமான் எல்லாம் கட்டிவைத்தாயிற்று, வீட்டில் பொழுது போவதில்லை. விடிய முன்னமே வயல் வரம்பால் தனியே நடந்துவிட்டு வருகிறேன். அம்மாவும் வரக் கேட்பா. 70 வயது, மெதுவாக நடப்பா என்பதால் விட்டுவிட்டுப் போவேன். மாரியில் இப்படி நடப்பது பாதுகாப்பா?
- ஒரு வாசகி, படுவான்கரை

பதில்: பாதுகாப்பைப் பிறகு சொல்கிறேன். போகிற போக்கில் "அம்மாவும் வரக் கேட்பா" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

வீடு மாறக் காத்திருப்பது நீங்கள் மட்டுமா மகள்? உங்களுக்குக் கையில் புது வீடு வருகிறது. அம்மாவுக்குக் கையிலிருந்த வளவு போகிறது. தாய் தன் வளவை மகளுக்குச் சீதனமாக எழுதுவது மட்டக்களப்பில் வழமைதான். உங்கள் அம்மா அதற்கும் மேலே போய், அதை விற்கவும் விட்டுக்கொடுத்திருக்கிறா. அவ்வளவும் தந்தவ உங்களிடம் கேட்பது காலையில் கொஞ்ச நேர நடை. அதையும் "மெதுவாக நடப்பா" என்று தட்டிக்கழிக்கிறீர்கள். வேலைக்கு ஓடுகிற அவசரம் என்றால் விளங்கிக்கொள்வேன். பொழுது போவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு என்ன அவசரம்? பெற்றவவின் கால் தளர்ந்தால் பிள்ளை தன் நடையைக் குறைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட வயது அவவுக்கு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை வாவியைக் கடக்க, 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறிப் போன தலைமுறை. வெள்ளம் எந்தப் பக்கத்தால் ஏறும், எந்த வாய்க்கால் முதலில் முட்டும் என்று நீங்கள் தெரிய வேண்டியதில் பாதி அவவுக்குத் தெரியும். நடக்கும்போது கேளுங்கள்.

நாளைக்கே கூட்டிப்போங்கள், ஆனால் உங்கள் வழியால் வேண்டாம். மாரியில் வரம்பு உள்ளே ஊறிப்போய் இருக்கும். நண்டு வளை உள்ள இடம் மேலே புல் மூடிக் கிடக்கும், கால் வைத்ததும் பொறியும். அந்த வயதில் ஒரு விழுகை இடுப்பெலும்பை உடைக்கப் போதும். வயல்காரனுக்கும் வரம்பு உடைந்து நீர் வடியும். கிரவல் வீதியால் போங்கள். முதல் கிழமை பத்து நிமிடம் போய், பத்து நிமிடத்தில் திரும்புங்கள். அடுத்த கிழமை அவவே சொன்னால் கூட்டுங்கள். நடந்துகொண்டே அவவால் கதைக்க முடிய வேண்டும். கதை அறுந்து மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. முன்னால் போய் நின்று திரும்பிப் பார்ப்பதை விடுங்கள், பக்கத்தில், வாகனம் வரும் பக்கமாக நீங்கள் நடவுங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவ என்றால் வெறும் வயிற்றோடு கூட்டிப்போகாதீர்கள், இரண்டு டொபி கையில் இருக்கட்டும்.

விடிய முன்னம் போவதை இன்றோடு நிறுத்துங்கள். இந்த மாதத்தில் சூரியன் ஆறே காலளவில்தான் எழும்பும். கதிர் முற்றும் காலத்தில் யானை இருட்டோடு வயலுக்கு வந்து, வெளிச்சம் வரத்தான் காட்டுக்குத் திரும்பும். ஏழு மணிக்கு வெளிக்கிடுங்கள். பின்னேரமென்றால் ஐந்துக்கு முன் வீட்டில் இருங்கள். வெள்ளம் ஏறினால் பாம்பு மேட்டுக்கு வரும், அந்த மேடு நீங்கள் நடக்கும் வீதிதான். வாவிக்கரைப் பற்றைகளை விட்டு விலகி நடவுங்கள், முதலை உண்டு.

எலிக்காய்ச்சலைத்தான் எங்கள் ஆட்கள் லேசாக எடுக்கிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீர், குதி வெடிப்பாலும் சிறு கீறலாலும் உடம்புக்குள் போகும். தேங்கின நீரில் கால் வைக்கவே வேண்டாம். பாட்டா செருப்பு சேற்றில் வழுக்கும். குதியில் வார் உள்ள, அடி வெட்டுள்ள செருப்பாகப் போடுங்கள். வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அம்மாவின் குதியை நீங்களே பாருங்கள். ஏற்கெனவே வெறும் காலோடு வரம்பில் நடந்திருந்தால், அடுத்த சில கிழமைகளுக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் பரசிற்றமோலோடு வீட்டில் படுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் நடந்ததை முதலில் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், கடையில் வாங்கி விழுங்க வேண்டாம்.

வளவில் முருங்கை நின்றால் மணிக்கட்டுப் பருமனில் மூன்றடிக் கொப்பு வெட்டி, இரண்டு நாள் நிழலில் வைத்து, ஆரையம்பதி மணலில் ஓரடி ஆழத்தில் நடலாம். நீர் தேங்காத இடமாக இருக்க வேண்டும், தேங்கினால் அழுகும். எந்தக் கொப்பு, எந்த மூலை என்று அவ சொல்லட்டும்.

புது வீட்டில் அம்மாவுக்கு எந்த அறை என்று நீங்கள் எழுதவில்லை. குளியலறைக்குக் கிட்டவுள்ள அறையைக் கொடுங்கள். மேசன் இன்னும் வேலையில் நிற்கும்போதே வாசல் படிக்கும் கழிப்பறைச் சுவருக்கும் கைபிடி போடச் சொல்லுங்கள். குடிபுகுந்த பிறகு அந்த வேலை நடக்காது.