‘டம்மி அவுட்புட்’ மட்டும் காட்டுகிறதா? டிரைவரைத் தேடி அலைய வேண்டாம்

கேள்வி: லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. ஒலி அமைப்பைத் திறந்தால் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் இருக்கிறது. ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். டிரைவர் அமைப்புகள் இருக்கும் மோட்ப்ரோப்.டி கோப்புறையில் இணையத்தில் கிடைத்த சில வரிகளையும் சேர்த்துப் பார்த்தேன். பலனில்லை. சவுண்ட் கார்டு டிரைவரை எங்கே டவுன்லோடு செய்வது?

பதில்: எங்கேயும் செய்ய வேண்டாம். 2003-இல் வந்த 2.6 கெர்னலிலிருந்தே (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) ஆல்சா என்ற ஒலி அமைப்பும் அதன் டிரைவர்களும் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. பல்ஸ்ஆடியோவோ, இப்போது பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) அதன் இடத்துக்கு வந்துவிட்ட பைப்வயரோ, ஆல்சாவுக்கு மேலே உட்கார்ந்து வேலை செய்பவை. தங்களுக்குக் கார்டு எதுவும் கிடைக்காதபோது அவை காட்டுவதுதான் ‘டம்மி அவுட்புட்’. கோளாறு பெரும்பாலும் கீழே இருக்கும். அதனால்தான் மேலே இருப்பதை அழித்து அழித்து நிறுவியும் பலன் இல்லை.

முதலில் நீங்கள் சேர்த்த வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது முக்கியம். ‘மாடல்=’ என்று உள்ள வரிகள் குறிப்பிட்ட கோடெக் சிப்புக்காக (ஒலியை மாற்றித்தரும் சிப்) எழுதப்பட்டவை. வேறொரு லேப்டாப்புக்கான வரியைப் போட்டால், நன்றாக இருந்த ஸ்பீக்கரும் அடங்கிப்போகலாம்.

அப்புறம் டெர்மினலில் ‘ஏபிளே -எல்’ கொடுங்கள் (சிறிய எல்). இதன் பதிலைப் பார்த்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கார்டு பட்டியலில் வந்தால் கெர்னல் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். ஆல்சாமிக்சரைத் திறந்து எஃப்6 விசையால் உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஸ்பீக்கர் ஆகியவற்றின் கீழே ‘எம்எம்’ என்றிருந்தால் அவை மியூட்டில் இருக்கின்றன. எம் விசையை அழுத்தினால் திறக்கும். ஹெட்போன் செருகாதபோதும் ஸ்பீக்கர் பேசவில்லை என்றால் ‘ஆட்டோ-மியூட்’ அமைப்பை அணைத்துப் பாருங்கள். சத்தம் எச்டிஎம்ஐ பக்கம் போய்க்கொண்டிருப்பதும் அடிக்கடி நடப்பதுதான். அதை ஒலி அமைப்பிலேயே மாற்றலாம். இவை சரியாக இருந்தும் ‘டம்மி’ போகவில்லை என்றால், பைப்வயரையும் அதன் துணை மென்பொருளான வயர்பிளம்பரையும் ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட்’ மூலம் மீண்டும் தொடங்குங்கள்.

கார்டே இல்லை என்று வந்தால், அதே கட்டளையை சூடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்) ஒருமுறை கொடுங்கள். அப்போது மட்டும் கார்டு தெரிந்தால் அது அனுமதிச் சிக்கல், டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது. சூடோவிலும் இல்லையா? ‘எல்எஸ்பிசிஐ -கே’ கொடுத்து ஆடியோ என்ற சொல் உள்ள வரியைத் தேடுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் பயாஸில் ஒலி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வரி இருந்து கார்டு மட்டும் உருவாகவில்லை என்றால், இன்டெல் சிப் கொண்ட புதிய லேப்டாப்களில் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருளை. பழைய லேப்டாப்களில் எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் டிரைவரே போதும். புதியவற்றில் உள்ளமைந்த டிஜிட்டல் மைக் சிப்செட்டின் டிஎஸ்பி என்ற ஒலிச் செயலியோடு இணைக்கப்பட்டிருப்பதால், எஸ்ஓஎஃப் எனப்படும் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் தேவைப்படுகிறது. டிரைவர் கெர்னலில் இருந்தாலும் இந்தக் கோப்பு தனிப் பேக்கேஜில் வருகிறது. கெர்னல் செய்திகளைக் காட்டும் ‘சூடோ டிஎம்இஎஸ்ஜி’ வெளியீட்டில் எஸ்ஓஎஃப் என்று தேடுங்கள். ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2 என்று இருந்தால், கோப்பு வட்டில் இல்லை என்று பொருள். டெபியனில் ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்ட், ஃபெடோராவில் ஆல்சா-சாஃப்-ஃபர்ம்வேர், ஆர்ச்சில் சாஃப்-ஃபர்ம்வேர் என்ற பேக்கேஜை (சாஃப் என்பது எஸ்ஓஎஃப்தான்) நிறுவி ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். லேப்டாப் மிகப் புதியது என்றால் கெர்னலையும் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம்.

‘டிஎஸ்பி_டிரைவர்=1’ என்ற வரியைப் போடச் சொல்லியும் பல இடங்களில் ஆலோசனை கிடைக்கும். அது பழைய எச்டிஏ டிரைவரையே கட்டாயமாக எடுக்க வைக்கும். ஸ்பீக்கர் பேசலாம், ஆனால் உள்ளமைந்த டிஜிட்டல் மைக் போய்விடும். வீடியோ அழைப்பில் பேசுபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவசரத்துக்கு வைத்துக்கொண்டு பிறகு எடுத்துவிடுங்கள்.

விண்டோஸும் கூடவே இருந்தால் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக ஷட்டவுன் ஆகாமல், லினக்ஸ் தொடங்கும்போது கோடெக்கைக் குழப்பமான நிலையில் விட்டுவிடலாம்.

இவ்வளவும் செய்து கார்டு எழவில்லை என்றால் ‘ஆல்சா-இன்ஃபோ’ ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கெர்னல் பதிப்பு, கோடெக் பெயர், ஏறியிருக்கும் மாட்யூல்கள் எல்லாம் ஒரே கோப்பில் கிடைக்கும். உங்கள் டிஸ்ட்ரோவுக்குப் பிழை அறிக்கை அனுப்பும்போது, டிஎம்இஎஸ்ஜி வெளியீட்டோடு அந்தக் கோப்பையும் இணையுங்கள்.