தெர்மல் ஸ்கோப்ல எக்ஸ் நம்பர் பெருசா இருந்தா போதுமா?

கேள்வி: எங்களுக்கு தடாகம் பக்கம் மூணு ஏக்கர் வாழைங்க. ராத்திரியான்னா யானை இறங்குது, பன்னியும் வருது, சாளைலயே காவலுக்கு படுத்துக்குறோம். மதுக்கரைல ரயில் பாதை ஓரமா வனத்துறை, உடம்புச் சூட்ட வச்சு இருட்டுலயும் படம் காட்டுற தெர்மல் கேமரா போட்டு யானைய பாக்குறாங்கல்ல, அதப் பாத்துட்டு கையில புடிச்சு பாக்குற தெர்மல் ஸ்கோப் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். ஒண்ணு 2 எக்ஸ், அதாவது ரெண்டு மடங்கு பெருசா காட்டும், இன்னொண்ணு 4 எக்ஸ், ஜூம் போட்டா 16 எக்ஸ் வரைக்கும் போகுமாம். பெருசுதானே நல்லது?
– வாசகர், கோவை மாவட்டம்

பதில்: இல்லைங்க, உங்க தோட்டத்துக்கு அந்த 4 எக்ஸ் ஆபத்தாவே முடியலாம்.

ஒரு தடவ இதே மாதிரி ஒரு தோட்டத்துல 4 எக்ஸ் ஸ்கோப்ல பாத்துட்டு இருந்தேன், நாப்பது மீட்டர்ல வாழைக்குள்ள வெள்ளையா சுவர் மாதிரி ஏதோ நின்னுச்சு, காது ஆடுனப்பறம்தான் யானைன்னே புரிஞ்சுது. பக்கத்துல இருந்தவர் கையில 2 எக்ஸ், அவரு "குட்டியும் இருக்குங்க, இடது பக்கம்"னாரு. எனக்கு அந்தக் குட்டி தெரியவே இல்ல. சூட்டப் படமாக்குற சென்சார்ல 384க்கு 288 புள்ளி, ஒரு புள்ளி 12 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரம் மைக்ரான்), முன்னாடி 4 எக்ஸ்ல வர்ற மாதிரி 35 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டா 100 மீட்டர்ல 13 மீட்டர் அகலம்தான் தெரியும், அதுவே 40 மீட்டர்னா அஞ்சு மீட்டர் சொச்சம், ஒரு யானை நின்னாலே படம் ரொம்பிடும். அதே சென்சார்ல 2 எக்ஸ்ல வர்ற மாதிரி 19 மில்லிமீட்டர் லென்ஸ்னா 100 மீட்டர்ல 24 மீட்டர் தெரியும். குட்டியோட நிக்கிற யானைகிட்ட இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டதுங்க.

அந்த 16 எக்ஸ் இருக்கே, அது பைனாகுலர் மாதிரி கண்ணாடியால வர்றது இல்ல. படத்தோட நடுவுல கொஞ்சத்த வெட்டி பெருசாக்கி காட்டுறது, அவ்வளவுதான். 4 எக்ஸ்ல இருந்து 16க்கு போனா 384க்கு 288 புள்ளில மிஞ்சுறது 96க்கு 72, அதாவது பதினாறுல ஒரு பங்கு, மீதிய மெஷினே பக்கத்து புள்ளிய பாத்து நிரப்பிக்கும். 300 மீட்டர்ல 35 மில்லிமீட்டர் லென்ஸ்ல ஒரு புள்ளிங்கறது பத்து சென்டிமீட்டர், முக்கால் மீட்டர் உசர பன்னி ஏழெட்டு புள்ளி உசரம்தான் வரும், அத எவ்வளவு இழுத்தாலும் பன்னியா நாயான்னு தெரியாது.

இன்னொண்ணு, ஒரே லென்ஸ்ல 640 புள்ளி சென்சார் போட்டா எக்ஸ் நம்பர் பெரும்பாலும் கம்மியா போட்டிருப்பாங்க, ஆனா தெரியுற அகலம் ஜாஸ்தி, புள்ளியும் ஜாஸ்தி. விலையும் ஜாஸ்திதான். அதனால கடைல எக்ஸ் கேக்காதீங்க, சென்சார் எத்தன புள்ளி, லென்ஸ் எத்தன மில்லிமீட்டர், 100 மீட்டர்ல எவ்வளவு அகலம் தெரியும்னு கேளுங்க. மூணு ஏக்கருக்கு 384ம் 19ல இருந்து 25க்குள்ள லென்ஸும் தாராளம். அட்டைல 1000 மீட்டர், 1800 மீட்டர்னு போட்டிருப்பாங்க, அது ஏதோ ஒண்ணு இருக்குன்னு தெரியுற தூரம், என்ன மிருகம்னு தெரியுற தூரம் அதுல ரொம்பக் கம்மி.

சாளை ஜன்னல்ல கண்ணாடி இருந்தா தெறந்துட்டு பாருங்க, கண்ணாடி வழியா தெர்மல்ல வெளிய எதுவும் தெரியாது. தெறந்து, மொதல்ல ஜூம் இல்லாம இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் மெதுவா ஒரு சுத்து பாத்துட்டு, குட்டி இருக்கா, கூட எத்தன நிக்குதுன்னு எண்ணிட்டு, சாளைய விட்டு இறங்காம வனத்துறைக்கு போன் பண்ணுங்க.