செவியாவில் உச்சிப்பொழுது இரண்டரை மணிக்கு

ஸ்பானிஷ் படிக்க ஒரு கோடைக்காலம் ஸ்பெயினின் செவியா நகரத்தில் தங்கியிருந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஜூலையில் என் மகள் ஸ்பானிஷ் படிக்க ஒரு மாதம் செவியாவுக்குப் போகிறாள். வெயில் கொளுத்தும் என்கிறார்கள். பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே தலைகாட்டாதே என்று சொல்லி அனுப்பினால் போதும்தானே?

பதில்: போதாதுங்க. நானும் இதே கணக்கோடுதான் போனேன். போன மூன்றாவது நாள், வகுப்பு முடிந்து சாப்பிட்டுவிட்டு, மணி மூன்றரை ஆகிவிட்டதே, வெயில் தாழ்ந்திருக்கும் என்று பிளாசா தே எஸ்பாஞாவைப் பார்க்கக் கிளம்பினேன். 1929இல் நடந்த பெரிய கண்காட்சிக்காகக் கட்டிய அரைவட்ட மாளிகை அது, முன்னால் பரந்த திடல், நடுவில் ஒதுங்க நிழல் கிடையாது. பாதி கடப்பதற்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பாட்டிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வளைவுக்குக் கீழே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "இந்த நேரத்தில் யாராவது வெளியே வருவார்களா, இஹா?" என்றார். இஹா என்றால் மகளே. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

நான் செய்த தப்பு கடிகாரத்தை நம்பியது. லண்டன் நேரத்துக்கு அடிப்படையான கிரீனிச் கோடு ஸ்பெயினின் கிழக்கு ஓரம் வழியாகப் போகிறது, செவியா அதற்கும் மேற்கே இருக்கிறது. நியாயமாக லண்டன் நேரம்தான் பொருந்தும். ஆனால் 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தது, இன்றும் நாடு அந்த நேரத்தில்தான் ஓடுகிறது. கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுகிறது. ஆக, ஜூலையில் செவியாவில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய இரண்டரை மணிக்கு! நான் மூன்றரைக்குக் கிளம்பியது உண்மையில் உச்சி தாண்டி ஒரே ஒரு மணி நேரத்தில். அதற்கப்புறம் தரையும் சுவரும் வாங்கிய சூட்டைக் கக்க ஆரம்பிக்கும், காற்றின் வெப்பம் மாலை ஐந்து, ஆறு மணிக்குத்தான் உச்சம் தொடும். 40 டிகிரி அங்கே சாதாரணம், பக்கத்து கோர்தோபா மாகாணத்தில் 2021 ஆகஸ்டில் 47 டிகிரியையே தாண்டியது. வறண்ட சூடு என்பதால் வியர்த்த உடனே காய்ந்துவிடும். உடம்பு நசநசக்காது, தண்ணீர் இறங்கிக்கொண்டே போவது நமக்குத் தெரியவும் தெரியாது.

மகளிடம் மணி சொல்லாதீர்கள், நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். கடிகாரத்தில்தான் வேண்டும் என்றால், ஒரு மணியிலிருந்து ஏழு மணி வரை உள்ளேயே இருக்கட்டும். ஒன்பதரை தாண்டித்தான் இருட்டும், ஊர் சுற்ற நேரம் நிறைய இருக்கும்.

கேள்வி: கறுப்புத் தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு?

பதில்: தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கிறது, உண்மைதான். ஆனால் மங்கு விழுவதும் கருந்திட்டு வருவதும் நம் மாதிரி தோலுக்குத்தான் அதிகம், வந்தால் போகவும் நாளாகும். ஸ்பெயினில் பச்சைச் சிலுவை விளக்கு போட்ட ஃபார்மாசியா (மருந்துக்கடை) தெருவுக்குத் தெரு இருக்கும், அங்கே "கிரேமா சோலார்" என்று கேளுங்கள். க்ரீமின் காப்பு அளவைச் சொல்லும் எண்தான் எஸ்பிஎஃப். எஸ்பிஎஃப் 30 என்பது தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. வித்தியாசம் அவ்வளவுதான். ரொம்ப மெலிதாகத் தடவினால் எந்த எண்ணும் உதவாது, அதனால் முகம் கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூசுங்கள். ட்யூபில் வட்டத்துக்குள் யுவிஏ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், அது புற ஊதாக் கதிரில் ஒரு வகை, கருமைக்கு அந்தக் கதிரும் ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். க்ரீம் தோலைத்தான் காக்கும், உடம்புச் சூட்டைக் குறைக்காது. அன்றைக்கு நான் மயங்கப்போனபோதும் முகம் நிறையக் க்ரீம் பூசியிருந்தேன்.

கேள்வி: தமிழ் மட்டுமே நன்றாகத் தெரிந்தவர்களுக்கு ஸ்பானிஷ் வருமா?

பதில்: சில இடங்களில் ஆங்கிலேயர்களைவிடச் சுலபமாக வரும்! "மெ குஸ்தா" என்று ஒரு அமைப்பு உண்டு, "எனக்குப் பிடிக்கிறது" என்பதே அது. "மெ துவேலெ லா கபேசா" என்றால் "எனக்குத் தலை வலிக்கிறது". வகுப்பில் இங்கிலாந்து மாணவர்கள் இதற்கு ஒரு வாரம் திணறினார்கள், எனக்கோ நம் "எனக்கு" அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. "பெரோ" என்று இடையின ர போட்டால் "ஆனால்", "பெறோ" என்று நாக்கை உருட்டினால் நாய். ஞ கூட இருக்கிறது, எஸ்பாஞா என்பதில் வருவது அதுதான். நீ, நீங்கள் மாதிரி தூ, உஸ்தெத் என்றும் உண்டு, ஆனால் ஸ்பெயினில் கடைக்காரர்கூடச் சட்டென்று தூ என்பார், மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. புழுக்கமாக இருந்தால் "தெங்கோ கலோர்" என்று சொல்லுங்கள். "எஸ்தோய் கலியெந்தே" என்று சொல்லிவிடாதீர்கள், அது காம உணர்வைச் சொல்லும் பேச்சு. புத்தகத்தில் "எல் கலோர்" என்று ஆண்பாலில் படித்திருப்பீர்கள், செவியாக்காரர்களோ அதைப் பெண்ணாக்கி, கடைசி ர-வையும் விழுங்கி "லா கலோ" என்பார்கள். கேட்கக் கேட்க எனக்கு அதுதான் பிடித்துப்போனது.

கேள்வி: மதியம் கடையை மூடித் தூங்குகிறார்களாமே, சோம்பேறித்தனம் இல்லையா?

பதில்: இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அந்தப் பாட்டி சொன்ன நேரத்தில் கடையைத் திறந்து வைத்து யாருக்கு லாபம்? வெயிலோடு வாழ ஊரே கண்ட வழி அது. காலையிலேயே ஜன்னலின் பெர்சியானா என்ற மறைப்பை இறக்கி வீட்டை இருட்டாக்கிவிடுவார்கள், சியேர்பெஸ் தெருவில் கூரைக்குக் கூரை துணிப்பந்தல் கட்டியிருக்கும், பழைய வீடுகளின் நடுவில் செடியும் நீரூற்றுமாக முற்றம் இருக்கும். சொம்ப்ரா என்றால் நிழல், சொம்ப்ரேரோ என்ற தொப்பியின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். காளைப்போர் அரங்கில் நிழல் பக்க இருக்கைக்கு விலை கூடுதல், வெயில் பக்கம் மலிவு.

இரவு பத்துக்குச் சாப்பாடு, நடு இரவில் சதுக்கத்தில் குழந்தைகள் பந்து விளையாடுவார்கள். கிராமங்களில் வாசலில் நாற்காலி போட்டுக் காற்று வாங்கியபடி பேசிக்கொண்டிருப்பார்கள், நம் திண்ணைப் பேச்சேதான். காதிஸ் மாகாணத்தில் அல்கார் என்ற சின்ன ஊர் இந்த வழக்கத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2021இல் முயற்சி எடுத்தது. எனக்கு மொழி வந்தது வகுப்பில் பாதி, இப்படி ஒரு வாசலில் மீதி.

கேள்வி: வெயில் தாக்கினால் யாரைக் கூப்பிடுவது?

பதில்: 112, இலவசம். "கோல்பெ தெ கலோர்" என்றால் புரிந்துகொள்வார்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் காத்திருக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: கோடையில்தான் விடுமுறை. வேறு ஊர் சொல்ல முடியுமா?

பதில்: சாலமாங்கா. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஊர் நிறைய மொழி மாணவர்கள். கடல்மட்டத்துக்குச் சுமார் 800 மீட்டர் மேலே இருப்பதால் புற ஊதாக் கதிர் குறையாது, க்ரீமும் தொப்பியும் அங்கேயும் வேண்டும். ஆனால் ஜூலையிலும் இரவில் குளிரும், ஒரு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.