விடியற்காலையில் கட்லா வாய் பிளப்பது ஏன்?

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் 1 ஏக்கர் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் 6000 குஞ்சு விட்டு ஏழு மாதம் ஆகிறது. ஒரு வாரமாக விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. நேற்று நாலு கட்லா செத்தன. போர் தண்ணீர் விட்டும் சரியாகவில்லை. பக்கத்துக் குட்டையில் விரால் நன்றாகத்தான் இருக்கிறது. என்ன மருந்து போடலாம்?

பதில்: மருந்து எதுவும் வாங்காதீர்கள் ஐயா. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது நோய் மாதிரி தெரியவில்லை. உங்கள் மீன்களுக்கு மூச்சு போதவில்லை.

மீன் வாயைத் திறந்து தண்ணீரை இழுக்கிறது. அந்தத் தண்ணீர் செவுள் வழியாகப் போய், செவுள் மூடிக்குக் கீழே வெளியேறுகிறது. ஒவ்வொரு பக்கமும் நாலு செவுள் வளைவு உண்டு. வளைவில் சீப்புப் பல் மாதிரி இழைகள், ஒவ்வொரு இழையிலும் மிக மெல்லிய மடிப்புகள். அந்த மடிப்புக்குள் இரத்தம் தண்ணீருக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. பிராணவாயுவை நிறைத்துக்கொண்டு வெளியேறப்போகும் இரத்தம்கூட, அதைவிட அதிகம் வைத்திருக்கும் புதுத் தண்ணீரைத்தான் சந்திக்கும். அதனால் கடைசி வரை இரத்தம் வாங்கிக்கொண்டே போகும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் பாதி வழியிலேயே சமமாகி நின்றுவிடும்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் மீன் ஏன் தவிக்கிறது? ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லி பிராணவாயு உண்டு. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்பது 6 மில்லிகூடத் தேறாது. அதிலும் உங்கள் குட்டையில் பாசி அதிகம் என்று நினைக்கிறேன். கையை முழங்கை வரை முக்கிப் பாருங்கள். முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி அதிகம்தான். பாசி பகலில் பிராணவாயுவை விடும், இரவில் மீனோடு போட்டி போட்டு எடுக்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை வகை திணறும், அதிலும் கட்லாதான் முதலில். போதாக்குறைக்கு, அந்த நேரத்தில் தண்ணீரில் கரியமிலவாயு ஏறியிருக்கும். அது ஏறினால் இரத்தம் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும் திறனும் குறையும்.

விரால் கதை வேறு. அதற்குத் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கவே தனி உறுப்பு உண்டு, மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். கட்லாவுக்கு அது கிடையாது. மேல்மட்டத் தண்ணீரில்தான் கொஞ்சமாவது பிராணவாயு கரைந்திருக்கிறது என்பதால்தான் மேலே வருகிறது. கரையில் தூக்கிப் போட்டாலோ செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுற்றிக் காற்று இருந்தும் மூச்சு முட்டிச் சாகும்.

சரி, இன்றே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். போர் தண்ணீர் ஏன் உதவவில்லை என்றால், நிலத்தடித் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. குழாயைத் தண்ணீருக்குள் முக்கி விடாமல் ஆள் உயரத்தில் தூக்கி, முனையில் தகடு கட்டிச் சிதறி விழச் செய்யுங்கள். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் கருவி கிடைத்தால் நள்ளிரவு முதல் சூரியன் ஏறும் வரை ஓட்டுங்கள். கிடைக்காவிட்டால் மோட்டாரில் குட்டைத் தண்ணீரையே எடுத்து அதிலேயே பீய்ச்சலாம். அடித் தண்ணீரில் கால் பங்கை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுங்கள். ஏக்கருக்கு 4000 குஞ்சே போதும், நீங்கள் 6000 விட்டிருக்கிறீர்கள். தவிப்பு அடங்கியதும் பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிடுங்கள்.

யாராவது சுண்ணாம்பு போடச் சொன்னால் இப்போது வேண்டாம். மீனின் கழிவான அம்மோனியா பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியே போகிறது. சுண்ணாம்பால் தண்ணீரில் காரத்தன்மை கூடினால் அம்மோனியா நச்சு வடிவத்துக்கு மாறி, மீனையே திருப்பித் தாக்கும்.

இனி ஏதாவது மீன் செத்தால், செத்த உடனே செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். செவுள் பழுப்பு நிறமாக இருந்தால் தண்ணீரில் நைட்ரைட் என்ற நச்சு ஏறியிருக்கலாம், அதற்கு உப்பு போட வேண்டிவரும். வெளிறியோ வெள்ளைத் திட்டுகளோடோ இருந்தால் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் மீனையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போங்கள்.