வாஃபிள் பிய்ந்து வருகிறதா? மாவை மாற்ற வேண்டாம்

கேள்வி: புதிதாக வாஃபிள் மெஷின் வாங்கினேன். மாவு கரைத்து ஊற்றினால் பாதி மேல் தட்டிலும் பாதி கீழ்த் தட்டிலும் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது. முழுதாக வந்த ஒன்றிரண்டும் இட்லி மாதிரி மெத்தென்று இருந்தன. எல்லாம் கலந்து வரும் ப்ரீமிக்ஸ் மாவு போட்டால்தான் சரியாக வரும் என்று மெஷின் விற்றவரே கிலோ 480 ரூபாய்க்கு ஒரு பாக்கெட்டும் கொடுத்தார். இனி அதைத்தான் வாங்க வேண்டுமா? மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். (திருமங்கலம் வாசகி)

பதில்: வேண்டாம்மா. உங்கள் மாவில் பெரிய குறை இருக்காது. அச்சு முறுக்கு சுட்டிருப்பீர்கள். அச்சு காயாமல் மாவில் முக்கினால் என்ன ஆகும்? வெந்த முறுக்கு அச்சை விட்டுத் தானாகக் கழன்றுவிடும், வேகாததைக் குத்தினாலும் வராது. இதுவும் அப்படித்தான். விளக்கு பச்சையானதும் ஊற்றாதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஊற்றி மூடியபின் ஓரத்தில் ஆவி வரும். அது நன்றாக அடங்கும்வரை திறக்கவே கூடாது. நடுவில் எட்டிப் பார்த்தால் இரண்டாகக் கிழியும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெருவென்றால் காலையில் சுடுங்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 190தான் வந்தால் மெஷினின் சூட்டுத் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

மெத்தென்று ஆவதற்கு ஈரம்தான் காரணம். வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்கு வரை தண்ணீர் இருக்கலாம். அதற்குப் பதில் எண்ணெய் ஊற்றுங்கள். ஒரு கப் மைதா, இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முட்டை, முக்கால் கப் பால், கால் கப் எண்ணெய். கட்டி கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை, அடித்துக் கலக்காதீர்கள். கடையில் சோள மாவு என்று கேட்டால் வெள்ளைச் சோளத்தை அரைத்துக் கொடுத்துவிடுவார்கள், கார்ன்ஃப்ளார் என்றே கேளுங்கள். சுட்டதைத் தட்டில் அடுக்கினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். கம்பி வலை மேல் ஆறவிடுங்கள்.

இப்போது அந்த ப்ரீமிக்ஸ். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் மைதா, சர்க்கரை, பால் பவுடர், சோடா வகை என்றுதான் வரிசை போகும். மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் தனித்தனியாக வாங்கிப் பாருங்கள், எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவும் விடமாட்டேன் என்கிறார்கள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சடித்தால் போதுமாம், தமிழ் கட்டாயமில்லை. அதுவும் எறும்பு சைஸ் எழுத்தில், மடிப்புக்குள். திருமங்கலத்தில் காசு கொடுத்து வாங்குகிறவர் யாரிடம் போய்ப் படிக்கச் சொல்வது? வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தேதி இல்லாத பொட்டலத்தில் கட்டி விற்கும் பேக்கிங் பவுடரையும் வாங்காதீர்கள். அரை டீஸ்பூனைச் சுடுதண்ணீரில் போட்டால் பொங்க வேண்டும். சும்மா கரைந்தால் செத்துப்போனது.

மாமியாருக்கு: முட்டையை எடுத்துவிட்டால் மேல்தோல் இறுகுவது குறையும், அதனால் இன்னும் ஒட்டும். கார்ன்ஃப்ளாரை மூன்று மேசைக்கரண்டியாக்குங்கள். முட்டைக்குப் பதில் கால் கப் தயிர், கூடவே கால் டீஸ்பூன் ஆப்ப சோடா. பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாகக் குறைத்துவிடுங்கள். தயிர் புளித்திருக்க வேண்டும், இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். காலையில் உறைந்த இனிப்புத் தயிரில் சோடாவை அடக்கப் புளிப்பு போதாது, வாஃபிளில் சோப்பு வாடை நிற்கும். முதல் நாள் தயிரை வெளியே வைத்து, நாக்கில் சுருக்கென்று பட்டபின் எடுங்கள். அவசரம் என்றால் அரை எலுமிச்சம்பழம் பிழியலாம். சோடாவைக் கடைசியில் போட்டு உடனே ஊற்றுங்கள், கால் மணி நேரம் வைத்தால் நுரை அடங்கிவிடும். தயிர் கெட்டியாக இருந்தால் பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். மாவு இட்லி மாவுப் பதத்தில் விழ வேண்டும்.

ஒட்டியதைக் கத்தியால் சுரண்டாதீர்கள், மரக் குச்சி போதும். வாங்கிவிட்ட பாக்கெட்டைக் கொட்ட வேண்டாம். கூட இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றித் தீர்த்துவிடுங்கள், அடுத்தது வாங்காதீர்கள்.