வடக்கு கனடாவுல கடை போட்டா கல்லா கட்டுமா? பழங்குடி தொழில்முனைவு ஆராய்ச்சி பத்தி கேள்வி பதில்

கனடாவுல ஒரு யுனிவர்சிட்டி மேனேஜ்மென்ட் டிபார்ட்மென்ட்ல வேலை, பழங்குடி மக்களோட பிசினஸ் பத்தின ஆராய்ச்சிதான் என் ஏரியா. கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொன்னதும் வந்து குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துப் பதில் போடுறேன், விட்டுப்போனவங்க கோச்சுக்காதீங்க.

சேலத்துத் தம்பி: அக்கா, தொழில் பண்றதுன்னா எல்லா ஊர்லயும் ஒன்னுதானே? ஐடியா, காசு, உழைப்பு. இவங்களுக்குன்னு தனியா எதுக்கு ஒரு ஆராய்ச்சி?

பாடப்புத்தகத்துல வர்ற தொழில்முனைவர் யாருன்னு பாரு, தனி ஆளு, தன் காசைப் போட்டு ரிஸ்க் எடுப்பாரு, லாபம் வந்தா அவருக்கு. ஆனா நிறைய இடத்துல ஊரே முதலாளி, ஊரே தொழிலாளி. அனா மரியா பெரேடோவும் ஜேம்ஸ் கிரிஸ்மனும் 2006ல எழுதின கட்டுரை இதைத்தான் சொல்லுச்சு, ஆண்டிஸ் மலைக் கிராமங்களைப் பார்த்து, ஊரையே ஒரு தொழில்முனைவரா எடுத்துக்கணும்னு. அங்க லாபம் ஒரு கருவி, அதை வெச்சு ஊர்ல வேலை உண்டாக்கணும், நிலம் கைய விட்டுப் போகாம பாத்துக்கணும். அடுத்த வருஷமே லியோ-பால் டானாவும் ராபர்ட் ஆண்டர்சனும் உலகம் முழுக்க இருக்குற பழங்குடி தொழில்முனைவு ஆராய்ச்சியை ஒரு தடி புக்கா தொகுத்தாங்க, தனித் துறைன்னு சொல்ல ஆரம்பிச்சது ஏறக்குறைய அப்பதான். இன்னொன்னும் சொல்லிடுறேன், பழங்குடின்னாலே எல்லாத்தையும் பங்கு போட்டுக்குவாங்க, காசு மேல ஆசையே கிடையாதுன்னு உருகி உருகி எழுதுற ஆளுங்களும் இந்தத் துறையில உண்டு, அது வேற ஒரு கூத்து. தனியா ட்ரக் வாங்கி ஓட்டி நாலு காசு பாக்குறவங்க அங்கயும் இருக்காங்கப்பா.

பெயர் வேண்டாம்: நேராவே கேக்குறேன் மேடம். கவர்ன்மென்ட் இவ்ளோ பணம் கொட்டியும் ஏன் முன்னேறல? உழைக்கிற பழக்கம் இல்லயோ?

நீங்க கேட்டுட்டீங்க, நிறைய பேர் மனசுக்குள்ள வெச்சிருக்காங்க. 1880கள்ல கனடாவோட புல்வெளி மாகாணங்கள்ல, ரிசர்வ்ல (பழங்குடிகளுக்குன்னு அரசு ஒதுக்கின நிலம்) இருந்த ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் (கனடா பழங்குடிகள்ல ஒரு பெரிய பிரிவு) விவசாயிங்க கூட்டா காசு போட்டு அறுவடை மெஷின் வாங்கி கோதுமை போட்டு நல்லாத்தான் வந்துட்டு இருந்தாங்க, பக்கத்துல குடியேறின வெள்ளைக்கார விவசாயிங்க இவங்க போட்டியா வர்றாங்கன்னு புகார் பண்ண ஆரம்பிச்சாங்க. 1889ல ஹேட்டர் ரீட்ங்கிற அதிகாரி ஒரு கொள்கை கொண்டு வந்தாரு, இவங்க ‘குடியானவன் நிலை’யைத் தாண்டக் கூடாதாம், அதனால மெஷின் கூடாது, கையால விதைக்கணும், அரிவாளால அறுக்கணும், வைக்கோல் வாருற கருவியக் கூட மரத்துல தானே செஞ்சுக்கணும். கனடா குளிர்ல அறுவடைக்குக் கிடைக்கிறதே கொஞ்ச நாளு, கையால அறுத்து முடிக்கிறதுக்குள்ள உறைபனி விழுந்து பயிர் போயிடும். அங்க வேலை பாத்த விவசாய அலுவலர்களே இது சரியில்லன்னு மேல எழுதியும் கேக்கல. இதுபோக, விளைஞ்சதை விக்க அதிகாரிகிட்ட பர்மிட் வாங்கணும். அந்த விற்பனைக் கட்டுப்பாடு நடைமுறையில செத்துப்போய் எவ்வளவோ காலம் ஆச்சு, ஆனா சட்டத்துல இருந்து அதைத் தூக்கினது 2014லதான்! சாரா கார்ட்டர்ங்கிற வரலாற்று ஆராய்ச்சியாளர் பழைய ஆவணங்களைத் தோண்டி 1990ல இதைப் புத்தகமா போட்டாங்க. அதைப் படிச்சதுக்கு அப்புறம் “உழைக்கிற பழக்கம்”னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு சுர்ருனு வரும், உங்க மேல கோவம் இல்ல.

வங்கிக்காரன்: லோன் குடுக்க மாட்டேங்குறாங்கன்னு படிச்சேன். பாங்க்ல இனவெறியா?

அதுவும் உண்டு, ஆனா சட்டமே முட்டுக்கட்டையா நிக்குது. இந்தியன் ஆக்ட்னு (இந்தியன்னா இங்க நம்ம ஊரு இல்ல, அந்தப் பழங்குடிகளைத்தான் சொல்றது) 1876ல போட்ட சட்டம், அதோட இப்பத்த வடிவத்துல 89வது பிரிவுப்படி ரிசர்வ்ல இருக்குற பழங்குடியினர் சொத்தை வெளியாளு அடமானம் பிடிக்கவோ ஜப்தி பண்ணவோ முடியாது. நிலம் பறிபோகாம காப்பாத்துறதுக்கு வெச்ச வேலி, ஆனா வீட்டை வெச்சு கடை போட லோன் கேட்டா பாங்க் மேனேஜர் கைய விரிச்சுடுவாரு. உங்க தொழில்தான், உங்களுக்கே புரியும்.

இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழிதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2005 சட்டத்துக்குக் கீழ ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் ஃபைனான்ஸ் அத்தாரிட்டின்னு ஒன்னு வந்துச்சு. நிலத்தைத் தொடாம, ஊருக்கு வர்ற வருமானத்தை மட்டும் ஈடா காட்டி, பல ஊருங்க சேர்ந்து மார்க்கெட்ல பாண்டு (கடன் பத்திரம்) போட்டுக் கடன் எடுக்குறாங்க, முதல் பாண்டு 2014ல. இதுல இருந்து 25 கோடி டாலர் எடுத்துத்தான் கிழக்குக் கரையோரத்து மிக்மாக் பழங்குடி மக்களோட ஏழு ஊருங்க சேர்ந்து கிளியர்வாட்டர்ங்கிற பெரிய கடல் உணவு கம்பெனில பாதியை வாங்கினாங்க, 2021 ஜனவரில டீல் முடிஞ்சுது. அதுல முன்னாடி நின்ன ஊர்ல ஒன்னு மெம்பர்டூ. 1993ல அதே ஊரைச் சேர்ந்த டொனால்ட் மார்ஷல் 463 பவுண்டு விலாங்கு மீன் பிடிச்சு 787 டாலருக்கு வித்தாருன்னு கேஸ் போட்டாங்க. அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1999ல, பழைய ஒப்பந்தப்படி மீன் பிடிச்சு விக்க அவருக்கு உரிமை இருக்குன்னு தீர்ப்பு வந்துச்சு. அந்தத் தீர்ப்பு இல்லன்னா அந்த ஊருங்களுக்கு மீன்பிடித் தொழில்ல இவ்வளவு இடமே கிடைச்சிருக்காது.

டொரோண்டோ அண்ணாச்சி: நுனாவுட்ல ஒரு மளிகைக்கடை போடலாம்னு விளையாட்டா பேசிக்கிட்டிருக்கோம். தேறுமா தங்கச்சி?

அண்ணாச்சி, நுனாவுட்ங்கிறது கனடாவோட வடகோடிப் பிரதேசம், இனுயிட் பழங்குடி மக்கள் வாழ்ற இடம். அங்க 25 ஊரு, ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் ரோடு கிடையாது, தெற்குல இருந்தும் ரோடு கிடையாது. ஐஸ் உருகுற கோடையிலதான் கப்பல் வரும். அரிசி, மாவு, டயப்பர்னு வருஷத்துக்கு வேண்டிய சரக்கை ஒரே அடியா வாங்கி இறக்கணும், போட்ட பணம் மாசக்கணக்குல குடோன்லயே தூங்கும், கணக்கு தப்பி ஒன்னு தீந்து போச்சுன்னா ஃபிளைட்லதான் வரவைக்கணும், அந்த வாடகையில லாபம் காலி. குடோன் கட்டணும்னா நிலமும் லீசுக்குத்தான், முனிசிபல் நிலத்தை விக்கலாமான்னு 2016ல ஓட்டெடுப்பு வெச்சப்பவும் மக்கள் வேண்டாம்னுட்டாங்க. கரண்டு டீசல் ஜெனரேட்டர்ல இருந்து வருது, அந்த டீசலும் கப்பல்லதான் வருது. அங்க பல ஊர்ல கடை நடத்துறது அந்த மக்களோட கூட்டுறவு சங்கங்கள், கடையோட ஹோட்டலும் கேபிளும் சேர்த்து நடத்துறதாலதான் சமாளிக்கிறாங்க. விளையாட்டாவே இருக்கட்டும்.

ஓவியப்பிரியை: இனுயிட் ஓவியங்கள் லட்சக்கணக்குல விக்குதே, வரைஞ்சவங்களுக்கு ஏதாச்சும் கிடைக்குதா?

நுனாவுட்ல கின்கைட்னு ஒரு ஊரு, முன்னாடி கேப் டார்செட்னு பேரு. ஜேம்ஸ் ஹூஸ்டன்னு ஒருத்தர் அங்க அச்சுக்கலையை ஆரம்பிச்சு வெச்சாரு, ஜப்பான் போய் அதோட நுணுக்கத்தையும் கத்துக்கிட்டு வந்தாரு, 1959ல கூட்டுறவு சங்கமா பதிவாச்சு, அந்த வருஷத்துல இருந்து வருஷா வருஷம் ஒரு பிரின்ட் தொகுப்பு வருது. கல்லை மழமழன்னு தேச்சு, படத்தை அதுல எடுத்து, மிச்சத்தைச் செதுக்கித் தள்ளி, மையைத் தடவி, மேல தாளை வெச்சுக் கையாலயே தேய்ப்பாங்க. வரைஞ்சவங்க கொண்டு வர்ற படத்தைச் சங்கம் அப்பவே காசு குடுத்து வாங்கிக்கும், அது பிரின்ட் ஆகுதா இல்லயாங்கிறது அப்புறம். அந்த ஊர்க் கலைஞர் கெனோஜுவாக் அஷேவாக்கோட ஆந்தை படம் 1960ல வந்தது, 1970ல கனடா தபால்தலையே ஆச்சு. ஆனா ஒன்னு, தெற்குல ஏலத்துல மறுபடி மறுபடி கைமாறும்போது ஏறுற விலையில கலைஞருக்கு எதுவும் போகாது.

அலாஸ்கா ஆர்வலர்: அலாஸ்காவுல எல்லாரும் ஷேர் ஹோல்டராமே, அதுதான் பெஸ்ட் மாடலா?

1971ல அமெரிக்கா போட்ட சட்டத்துல, அலாஸ்கா பழங்குடிகளுக்கு ரிசர்வே வேண்டாம், அவங்களே பங்குதாரரா இருக்குற கம்பெனிங்க போதும்னு அந்த வழியைப் பிடிச்சாங்க. 4.4 கோடி ஏக்கர் நிலம், 96 கோடி டாலர் சொச்சம் பணம், ஆளுக்கு 100 ஷேர். ஒரு ஏரியாவுல எண்ணெயோ கனிமமோ கிடைச்சா அந்த வருமானத்துல 70 சதவீதத்தை மத்த ஏரியா கம்பெனிகளோட பங்கு போடணும்னு சட்டத்துலயே இருக்கு, அது அருமையான ஏற்பாடு. கோளாறு எங்கன்னா 1971 டிசம்பர் 18க்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்களுக்கு ஷேர் கிடையாது! அக்காவுக்கு உண்டு, தம்பிக்கு இல்ல. 1987ல சட்டத்தைத் திருத்தி, வேணும்னா குடுத்துக்கலாம்னாங்க, சில கம்பெனி குடுத்துச்சு, சிலது இன்னும் குடுக்கல. பெஸ்ட் மாடல்னு எதையும் சொல்ல எனக்கு மனசு வரல.

பிஎச்டி கனவு: இந்த டாபிக்ல பண்ணலாம்னு இருக்கேன் மேடம். டேட்டா எப்படி எடுக்குறது? ஆன்லைன் சர்வே அனுப்பினா போதுமா?

போதாது, யாரும் நிரப்பவும் மாட்டாங்க. ஆராய்ச்சின்னு வந்து பேட்டி எடுத்துட்டுப் போய் ப்ரொமோஷன் வாங்கினவங்களை அந்த மக்கள் தலைமுறையா பாத்துட்டாங்க. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் பக்கம் 1998ல இருந்தே ஒரு கொள்கை இருக்கு, டேட்டா அவங்க சொத்து, கட்டுப்பாடும் அவங்க கையில, எப்ப வேணும்னாலும் பாக்க உரிமை, வெச்சிருக்கிறதும் அவங்கதான். கனடாவோட ஆராய்ச்சி நெறிமுறையிலயும் 9வது அத்தியாயம் முழுக்க இதுக்குத்தான். நுனாவுட்னா நுனாவுட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்ல லைசென்ஸ் இல்லாம சோஷியல் சயின்ஸ் ஆராய்ச்சியும் பண்ண முடியாது. அதனால தலைப்பை முடிவு பண்றதுக்கு முன்னாடியே அங்க ஒரு சங்கத்துக்கோ பேண்டு ஆபீசுக்கோ (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் ஊரோட நிர்வாக அலுவலகம்) எழுதி, உங்களுக்கு என்ன தெரிஞ்சா உபயோகம்னு கேளு. கைடு அவசரப்படுத்துவாரு, ஸ்காலர்ஷிப் நாள் ஓடும், அதையும் கணக்குல வெச்சுக்கோ. டிக்கெட் செலவுக்கு பட்ஜெட்ல தாராளமா எழுது, நுனாவுட் தலைநகர் இகாலுவிட்டுக்குப் போற ஃபிளைட் விலையைப் பாத்தா மயக்கம் வரும்.