நாடகத்துக்கு வரவழைத்த வாள்களைச் சுங்கம் பிடித்துவிட்டது, என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவில் பண்டாரவன்னியன் நாடகம் போடுகிறோம். இந்தியாவிலிருந்து ஆறு வளைந்த உருக்கு வாள்கள், இரண்டு கேடயங்கள், ஒரு சங்கிலிக் கவசம், வெள்ளைக்காரச் சிப்பாய்களாக நடிப்பவர்களுக்கு இரண்டு பழைய துவக்கு மாதிரிகள் எல்லாம் என் பெயருக்கு வரவழைத்தோம். வாள்கள் மட்டும் வரவில்லை. அவற்றைப் பறிமுதல் செய்ததாகப் பிரித்தானிய எல்லைக் காவலான போர்டர் ஃபோர்ஸ் கடிதம் போட்டிருக்கிறது. அந்த வாள்களுக்குக் கூரே கிடையாது, தக்காளி கூட வெட்ட முடியாது. என் மீது வழக்கு வருமா? வாள்களைத் திரும்பப் பெறலாமா? நாடகம் முடிந்த பிறகு ஒன்றை வீட்டு வரவேற்பறையில் மாட்டலாம் என்றும் நினைத்திருந்தேன். (வாசகர், ஹரோ)

பதில்: முதலில் அந்தக் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். பறிமுதல் சட்டப்படி தவறு என்று எதிர்க்க விரும்பினால், அந்தத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். 1979ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் வைத்த கெடு இது. தவறினால் பொருள் அரசுக்குப் போனதாகவே கணக்கு. பிறகு எவ்வளவு நியாயம் பேசினாலும் பறிமுதல் சரியா தவறா என்ற கேள்விக்குள் திரும்பப் போக முடியாது.

அடுத்தது கூர். எனக்கு வரும் இப்படியான கடிதங்களில் எல்லாரும் நம்பியிருப்பது இதைத்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 50 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ நீளமான வளைந்த அலகுள்ள வாள், 2008 முதல் தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் இருக்கிறது. வளைவைச் சுற்றி அளப்பதில்லை. கைப்பிடியின் மேல்முனையிலிருந்து நுனி வரை நேர்கோட்டில்தான் அளப்பார்கள். கூர் இருக்க வேண்டும் என்று அந்த வரையறையில் ஒரு சொல் கிடையாது. வீதியில் அலகுள்ள பொருளை வைத்திருப்பது பற்றிய வேறொரு பிரிவில், கூரும் முனையும் இல்லாத வெண்ணெய்க் கத்தி கூட அலகுள்ள பொருள்தான் என்று 2005இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தக்காளிக் கதையை நீதவானிடம் சொல்லிப் பயனில்லை.

உங்களைக் காப்பாற்றக்கூடியது நோக்கம். 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 141ஆம் பிரிவிலேயே நாடகத்துக்கும் அதன் ஒத்திகைக்கும் விலக்கு இருக்கிறது. திரைப்படம், தொலைக்காட்சித் தயாரிப்புக்கும் அப்படியே. வரலாற்றுப் போர்களை நடித்துக் காட்டும் குழுக்களுக்கு இன்னொரு விலக்கு உண்டு. அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனின் கதையை மேடையில் நடிப்பது நாடகம்தான். அமெச்சூர் என்பதால் அது நாடகம் இல்லாமல் போய்விடாது என்பது என் கருத்து. ஆனால் 'அதற்காக மட்டுமே' என்பதைக் காட்ட வேண்டும். நாடகப் பிரதி, மண்டபம் பதிவு செய்த பற்றுச்சீட்டு, ஒத்திகை அட்டவணை, பாடசாலை நிர்வாகத்தின் கடிதம், வாள் வாங்குவது பற்றி நீங்கள் பேசிக்கொண்ட மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் சேருங்கள். பறிமுதலுக்கு முந்திய திகதியுள்ளவைக்கே மதிப்பு. நேற்று எழுதி வாங்கிய கடிதத்தைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம்தான் வரும்.

வழக்கைப் பற்றி: இறக்குமதிக்காகக் குற்ற வழக்குப் போட, தடையை ஏய்க்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தது என்று காட்ட வேண்டும். பொதியின் மேல் அனுப்பியவர் என்ன எழுதினார் என்று உடனே கேட்டுப் பாருங்கள். 'வாள், நாடக உபயோகம்' என்று எழுதியிருந்தால் பெரிய கவலையில்லை. 'பித்தளைக் கைவினைப் பொருள்' என்று எழுதியிருந்தால், அப்படி எழுதச் சொன்னது நீங்கள் அல்ல என்பதற்கு ஆதாரம் தேவைப்படும்.

திரும்பப் பெற இரண்டு வழிகள். ஒன்று, மேலே சொன்ன எதிர்ப்பு. அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் உங்கள் தலையில் விழலாம். மற்றது, பறிமுதல் சரியா தவறா என்று வாதாடாமல், காரணம் சொல்லித் திருப்பித் தரும்படி கேட்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். ஆறு வாள்களின் விலைக்காக நீதிமன்றம் ஏறச் சொல்ல எனக்கு மனமில்லை. திருப்பித் தரும்படி கேளுங்கள். விழா நெருங்கினால் மரத்திலோ பிசினிலோ வாள் செய்து வெள்ளித்தாள் ஒட்டுங்கள். மூன்றாம் வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

கேடயத்துக்கும் கவசத்துக்கும் எந்தத் தடையும் இல்லை.

துவக்குகள் வேறு கதை. நிஜம் போலத் தோன்றும் போலித் துவக்குகளைச் செய்வதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் 2007 முதல் குற்றம். ஆனால் 1870க்கு முந்திய அமைப்பென்று பார்த்தாலே தெரியும் மாதிரிகள் அதில் அடங்கா. 1803ஆம் ஆண்டுச் சிப்பாயின் தீக்கல் துவக்கு தப்பிவிடும். குழல் உண்மையிலேயே அடைபட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சுடக்கூடியதாக இருந்தால் அது போலியே அல்ல, அனுமதிப்பத்திரம் வேண்டும். தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் கொண்டு திரிந்தால், எந்தக் காலத்துப் போலியானாலும் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பஸ்ஸில் தோளில் மாட்டிக்கொண்டு போக வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் தமிழ்ப் பாடசாலை வாடகைக்கு எடுப்பது ஓர் ஆங்கிலப் பாடசாலைக் கட்டடம் என்றால், சனிக்கிழமையானாலும் அது பாடசாலை வளாகமே. அங்கே அலகுள்ள பொருள் வைத்திருப்பது தனிக் குற்றம். நான்கு வருடம் வரை சிறை. நியாயமான காரணம், கல்வித் தேவை என்ற எதிர்வாதங்கள் உண்டு. ஆனாலும் கட்டட உரிமையாளரான பாடசாலைக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். வாள்களைத் துணியில் சுற்றி, பெட்டியில் பூட்டி, காரின் பின்பகுதியில் கொண்டு போங்கள். ஒரு பெரியவர் பொறுப்பெடுத்து எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கட்டும். ஒத்திகை முடிந்து சாப்பிடப் போகும்போது இடுப்பில் இருக்கக் கூடாது.

வரவேற்பறை ஆசையை விட்டுவிடுங்கள். 2021 ஜூலை முதல் இந்த வகை வாளை வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். திரை விழுந்ததும் நாடக விலக்கும் போய்விடும். 1954க்கு முன் செய்யப்பட்டவை, மரபு முறையில் கையால் செய்யப்பட்டவை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதைக் காட்ட வேண்டியது நீங்கள். நேரான அலகுள்ள நீண்ட வாள் இந்தத் தடைக்குள் வராது, சுவரில் மாட்டத்தான் வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் தனி.

பொலிஸ் வீட்டுக்கு வந்தாலோ நேர்காணலுக்குக் கூப்பிட்டாலோ, நாடகக் கதையை ஆர்வத்தில் நீங்களாகவே விளக்கத் தொடங்க வேண்டாம். பொலிஸ் நிலையத்தில் இலவசமாகச் சட்டத்தரணி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆவணக் கோப்புடன் அவரிடம் பேசிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.